கோழிக்கறி ஸ்டோர் பண்றது எப்படி: பச்சைக் கறில ஆரம்பிச்சு மிச்சக் கறி வரைக்கும் முழு வழிகாட்டி

ஃப்ரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்து மூக்குகிட்ட கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்துட்டு "ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்ற பழக்கம் எனக்கும் ரொம்ப வருஷம் இருந்துச்சு. கோழிக்கறி விஷயத்துல இந்த மூக்கு டெஸ்ட் வேலைக்கே ஆகாது, ஏன்னா கறியை நாறவைக்கிற கிருமி வேற, நம்ம வயித்தைக் கலக்குற கிருமி வேற. ஸூடோமோனாஸ் மாதிரி கிருமிங்கதான் கறி மேல வழவழன்னு ஒரு படலத்தையும் அந்தப் புளிச்ச வாடையையும் கொண்டுவரும். சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் ரெண்டும் வாடையே காட்டாம, நிறமும் மாத்தாம, கமுக்கமா உள்ள உட்கார்ந்திருக்கும். நாறினா தூக்கிப் போடணும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா நாறலன்னா சாப்பிடலாம்னு அர்த்தம் கிடையாது.

இன்னொண்ணு, வயிறு கெட்டுப்போனா எல்லாரும் கடைசியா சாப்பிட்டதைத்தான் திட்டுவோம். கேம்பிலோபாக்டர் உள்ள போனா வேலையைக் காட்ட பெரும்பாலும் 2ல இருந்து 5 நாள் ஆகும், சால்மொனெல்லாவுக்கு 6 மணி நேரத்துல இருந்து 6 நாள் வரைக்கும் ஆகலாம். அதனால "நான் இப்படித்தான் வைக்கிறேன், எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதே இல்லையே"ன்னு சொல்றவங்களுக்கு உண்மையிலேயே ஒண்ணும் ஆகலையா, இல்ல ஆனதுக்கு நடுவுல சாப்பிட்ட வேற எதையோ திட்டிட்டாங்களான்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

மொத்த வழிகாட்டியையும் ரெண்டு வரில சொல்லணும்னா, பச்சைக் கறியில பயம் அது சொட்டுறதுல இருக்கு, வெந்த கறியில பயம் அது மெதுவா ஆறுறதுல இருக்கு. பச்சைக் கறியில இருக்கிற கேம்பிலோபாக்டர் சில நூறு உள்ள போனாலே போதும், ஆளைப் படுக்க வச்சிடும், அது பெருகக்கூடத் தேவையில்ல, ஒரு சொட்டுத் தண்ணி சாலட் மேல விழுந்தாலே முடிஞ்சுது. வெந்த கறியில அந்தக் கிருமிங்க செத்துப் போயிருக்கும், ஆனா வேகும்போதும் சாகாத வித்து மாதிரி சிலது மிச்சம் இருக்கும், வெதுவெதுப்பு கிடைச்சா அதுங்க முளைச்சு எழுந்துக்கும். ரெண்டுக்கும் வேற வேற ஜாக்கிரதை வேணும், இதைக் குழப்பிக்கிறதுனாலதான் பச்சைக் கறியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுற அதே ஆளு சமைச்ச பாத்திரத்தை ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே விட்டுட்டுத் தூங்கப் போறாரு.

நம்பர் ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. 4 டிகிரி செல்சியஸ்ல இருந்து 60 டிகிரி வரைக்கும் இருக்கிற இடைவெளி கிருமிக்குக் கொண்டாட்டம். இதுல நல்ல வசதியான சூடு கிடைச்சா சில கிருமி 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். ஒண்ணு 2 மணி நேரத்துல 64, 4 மணி நேரத்துல 4096, 7 மணி நேரத்துல 20 லட்சத்தைத் தாண்டிடும். அதனாலதான் வெளிய 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, வெளிச் சூடு 32 டிகிரிக்கு மேல இருந்தா 1 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு சொல்றாங்க. இந்த நேரத்தைத் துண்டு துண்டா மறந்துடக்கூடாது, கடையில இருந்து வர்ற வழி அரை மணி நேரம், வெட்டி மசாலா தடவுற வரைக்கும் மேடையில கிடந்தது முக்கால் மணி நேரம், எல்லாம் ஒரே கணக்குலதான் சேரும்.

முதல் வேலை: ஃப்ரிட்ஜ் நிஜமாவே குளுருதான்னு பாருங்க

கறி வாங்கறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டிய வேலை இது, ஆனா யாருமே பண்றதில்ல. ஃப்ரிட்ஜுக்குள்ள திருகுற அந்தக் குமிழ்ல 1, 2, 3ன்னு இருக்கே, அது டிகிரி கிடையாது, எவ்வளவு குளிர்ச்சின்னு காட்டுற படி மட்டும்தான். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள போட்டு, நடுத்தட்டுல வச்சு, ராத்திரி முழுக்க விட்டுட்டுக் காலையில முதல் தடவை கதவைத் திறக்கும்போது பாருங்க. தண்ணில போடறதுக்குக் காரணம், சும்மா தொங்க விட்டா கதவு திறந்த உடனே காத்துச் சூடு ஏறி நம்பர் மாறிடும், தண்ணி அவ்வளவு சீக்கிரம் மாறாது. 4 டிகிரி இல்ல அதுக்குக் கீழ காட்டணும். ஃப்ரீசர்ல உறைஞ்ச பாக்கெட்டுக்கு நடுவுல செருகி வச்சுப் பாருங்க, மைனஸ் 18 இருக்கணும்.

நான் முதல் தடவை பார்த்தப்போ 9 காட்டுச்சு. தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, ஐஸ் கட்டியும் தண்ணியும் கலந்த டம்ளர்ல விட்டுப் பார்த்தேன், கரெக்டா 0 காட்டுச்சு. கடைசில பார்த்தா கதவு ரப்பர்ல கீழ் மூலையில ஒரு இடம் மடங்கிப் போய் காத்து போயிட்டே இருந்திருக்கு, எத்தனை மாசமா அப்படி ஓடுச்சுன்னு எனக்கே தெரியாது. உங்க கதவு எப்படின்னு பார்க்க ஒரு பேப்பரை நடுவுல வச்சுக் கதவை மூடி இழுத்துப் பாருங்க, வழுக்கிட்டு வந்தா ரப்பர் லூஸ். அதோட ஃப்ரிட்ஜை அடைச்சு வைக்காதீங்க, உள்ள காத்து சுத்தணும். ஃப்ரீசருக்கு இது அப்படியே தலைகீழ், அது நிறைஞ்சிருந்தாத்தான் குளிர் நிக்கும்.

வாங்கும்போது

கறியைக் கடைசியா வாங்குங்க, மத்த எல்லாத்தையும் எடுத்து முடிச்சப்புறம். தனிப் பையில போடச் சொல்லுங்க, அப்படியே சாப்பிடுற பழம், பிரெட் இருக்கிற பைக்குள்ள போடாதீங்க. வீடு தூரம்னா ஒரு கூலர் பையும் உறைஞ்ச ஐஸ் பேக்கும் கொண்டு போங்க. பேக் பண்ணி வர்ற கறின்னா கவர் உப்பியிருக்கா, ஓரத்துல கசியுதான்னு பாருங்க, உள்ள கொஞ்சம் சிவப்புத் தண்ணி நிக்கிறதைப் பார்த்து "ரத்தம் அப்படியே இருக்கு"ன்னு பதற வேண்டாம், ரத்தம் வெட்டும்போதே வடிஞ்சிடும், அது பெரும்பாலும் தண்ணியும் தசையில இருக்கிற மயோகுளோபின்ங்கிற நிறமியும்தான்.

அப்பவே வெட்டிக் குடுக்குற கறின்னா ஒரு விஷயம். உயிர் போன சில மணி நேரத்துக்குத் தசை விறைச்சு நிக்கும், அந்த நேரத்துல அப்படியே ஃப்ரீசர்ல தள்ளினா பின்னாடி சமைக்கும்போது ரப்பர் மாதிரி இழுக்கும். முதல்ல ஃப்ரிட்ஜ்ல ஒரு 6 மணி நேரம் விட்டுட்டு அப்புறம் ஃப்ரீசருக்கு மாத்துங்க. அதுக்காக "ஃப்ரெஷ்தானே, கொஞ்ச நேரம் வெளிய கிடந்தா என்ன"ன்னு நினைக்காதீங்க, வெட்டின கறி உடம்புச் சூட்டோட வரும், அது கிருமிக்குச் சரியான சூடு, அதனால இதைத்தான் இன்னும் சீக்கிரமா ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளணும்.

கழுவணுமா?

இதைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, இருந்தாலும் சொல்றேன், ஸ்டோர் பண்றதுக்கு முன்னாடி கழுவவே கழுவாதீங்க. குழாய்க்கு அடியில கறியைப் பிடிச்சா தண்ணி பட்டுத் தெறிக்கிற திவலை கண்ணுக்கே தெரியாம சிங்க் ஓரம், பக்கத்துல காயுற தட்டு, உங்க சட்டைன்னு எல்லா இடத்துக்கும் போகும். பிரிட்டன்ல உணவுப் பாதுகாப்புத் துறை 2014ல "பச்சைக் கோழியைக் கழுவாதீங்க"ன்னு இதுக்குன்னே தனிப் பிரச்சாரம் நடத்துச்சு. கழுவுறதுனால கிருமி போறதும் இல்ல, உப்பு, எலுமிச்சை, வினிகர் போட்டுக் கழுவினாலும் அதேதான், அதைக் கொல்ற வேலை அடுப்போடது.

எலும்புத் தூள், இறகுத் துணுக்கு ஒட்டியிருந்தா டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுத்துட்டு அந்தப் பேப்பரை உடனே குப்பையில போடுங்க. இல்ல, கழுவாம எனக்குச் சாப்பாடே இறங்காதுன்னு சொல்றவங்க, சமைக்கப் போறதுக்கு முன்னாடி மட்டும், சிங்க்ல இருக்கிற பாத்திரத்தை எல்லாம் எடுத்துட்டு, ஓடுற குழாய்க்கு அடியில பிடிக்காம ஒரு பாத்திரத்துல தண்ணி விட்டு அதுக்குள்ள மெதுவா அலசுங்க. முடிச்சதும் சிங்க்கை சோப் போட்டுத் தேய்ச்சுட்டு, 4 லிட்டர் தண்ணிக்கு 1 டேபிள்ஸ்பூன் வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் கலந்து துடைச்சு விடுங்க. கை கழுவுறது சோப் போட்டு 20 செகண்ட். குழாயைத் திறந்த கை கறி தொட்ட கை, அதே குழாயை மூடுறது சுத்தமான கை, இதை நாம யோசிக்கறதே இல்ல, அதனால குழாய்த் தலையையும் சேர்த்துத் தேய்ச்சுடுங்க. கறி துடைச்ச ஸ்பாஞ்சால தட்டு தேய்க்காதீங்க.

பச்சைக் கறி ஃப்ரிட்ஜ்ல: எங்க, எத்தனை நாள்

எல்லாத்துக்கும் கீழ்த்தட்டு. கடையில குடுத்த மெல்லிசு கவரோட அப்படியே வைக்காம, அதை ஒரு மூடி போட்ட டப்பாக்குள்ளயோ இல்ல ஓரம் உயர்ந்த ஒரு தட்டு மேலயோ வைங்க. அந்தக் கவர்ல எலும்பு முனை குத்தி ஊசி அளவு ஓட்டை விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்க வீட்டுல ஒரு தடவை மேல் தட்டுல வச்ச கவர்ல இருந்து ராத்திரி பூரா ஒவ்வொரு சொட்டா வடிஞ்சு, கம்பித் தட்டு வழியா ரெண்டு தட்டு இறங்கி, மூடாம வச்சிருந்த வெள்ளரிக்கா கிண்ணத்துல போய் நின்னிருக்கு. காலையில பார்க்கும்போது அந்த வெள்ளரிக்கா மேல லேசா ரோஸ் கலர்ல ஒரு தண்ணி, அவ்வளவுதான், வேற ஒரு அடையாளமும் இல்ல. வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா அப்படியே உப்பைத் தூவிச் சாப்பிட்டிருப்போம்.

கதவுல வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்லயே சூடு அதிகமா ஏறி இறங்குற இடம் அதுதான்.

எத்தனை நாள்னா, பச்சைக் கோழி முழுசோ, துண்டோ, கீமாவோ, ஈரலோ, எல்லாமே 1ல இருந்து 2 நாள்தான். வாத்து, காடை, வான்கோழி எல்லாத்துக்கும் இதே கணக்கு. மூணாவது நாளுக்குன்னு பிளான் இருந்தா வாங்கின அன்னைக்கே ஃப்ரீசருக்கு அனுப்பிடுங்க, ரெண்டாவது நாள் ராத்திரி "சரி, இப்ப ஃப்ரீஸ் பண்ணிடுவோம்"ன்னு யோசிக்காதீங்க, ஃப்ரீசர் கடிகாரத்தை நிறுத்துமே தவிரப் பின்னாடி ஓட்டாது.

மேரினேட் பண்ணி வச்சா ஆயுசு கூடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கூடாது. தயிர், எலுமிச்சை, மசாலா எது போட்டாலும் அதிகபட்சம் 2 நாள்தான், அதுவும் ஃப்ரிட்ஜுக்குள்ள, மேடை மேல ஊற விடற வேலை வேண்டாம். புளிப்பு அதிகமா போட்டு ரொம்ப நேரம் விட்டா கறி மாவு மாதிரி ஆகிடும், அது வேற கதை. ஊறின பாத்திரத்துல மிச்சம் நிக்கிற மசாலாவைக் கடைசியா மேல ஊத்திக்கணும்னா நல்லா கொதிக்க விட்டு ஊத்துங்க.

ஃப்ரீசர்

மைனஸ் 18ல நிலையா வச்சிருந்தா கறி கெட்டுப்போகாது, எத்தனை மாசம் ஆனாலும். நாள் கணக்கு சொல்றதெல்லாம் ருசிக்காகத்தான்: முழுக் கோழி 1 வருஷம், துண்டு போட்டது 9 மாசம், கீமாவும் ஈரலும் 3ல இருந்து 4 மாசம். ஆனா ஒண்ணு, உறையும்போது கிருமி சாகுறதில்ல, தூங்குது. கொஞ்சம் குறையலாம், ஆனா மிச்சம் இருக்கிறது ஐஸ் விட்டதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கும்.

ருசியைக் கெடுக்கிறது ரெண்டு விஷயம், மெதுவா உறையறதும் காத்து படறதும். மெதுவா உறைஞ்சா கறிக்குள்ள இருக்கிற தண்ணி பெரிய பெரிய ஐஸ் ஊசியா மாறித் தசையைக் கிழிச்சிடும், ஐஸ் விடும்போது அந்த ஓட்டை வழியா ஜூஸ் எல்லாம் ஓடிடும், கறி வறவறன்னு ஆகிடும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐன்னு ஒருத்தர் 1920கள்ல வேகமா உறைய வைக்கிற முறையைத் தொழிலாவே கொண்டுவந்தது இதைக் கவனிச்சுத்தான், சீக்கிரம் உறைஞ்சா ஊசி சின்னதா இருக்கும். வீட்டுல இதைப் பண்ற வழி ரொம்ப சிம்பிள், பாக்கெட்டைத் தட்டையா போடுங்க.

நான் பண்றது இப்படி. ஒரு வேளைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் ஒரு ஜிப் கவர்ல போட்டு, துண்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே அடுக்கா பரப்பி, ஜிப்பை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து விட்டு, ஒரு பாத்திரத் தண்ணிக்குள்ள கவரை மெதுவா இறக்குவேன், வாய் மட்டும் மேல இருக்கணும், தண்ணியோட அழுத்தத்துல உள்ள இருக்கிற காத்து எல்லாம் மேல வந்து வெளிய போயிடும், கவர் கறியோட ஒட்டிக்கும், அப்பவே ஜிப்பை மூடிடணும். வாக்குவம் மெஷினே வேணாம். வெளிய துடைச்சுட்டு, ஒரு டேப் ஒட்டி மார்க்கர்ல என்ன, எவ்வளவு, எந்தத் தேதின்னு எழுதி, ஒரு உலோகத் தட்டு மேல படுக்க வச்சு ஃப்ரீசர்ல தள்ளுவேன். உறைஞ்சப்புறம் புத்தகம் மாதிரி நிக்க வச்சு அடுக்கிக்கலாம், இடமும் மிச்சம். டேப்பைக் கவர் குளுர்றதுக்கு முன்னாடியே ஒட்டுங்க, ஈரத்துல ஒட்டாது. "ஞாபகம் இருக்கும், எழுதவே வேணாம்"னு நினைச்ச எந்தப் பாக்கெட்டையும் நான் இதுவரைக்கும் ஞாபகம் வச்சிருந்ததே இல்ல.

ஒரே நேரத்துல அஞ்சாறு கிலோவை உள்ள திணிக்காதீங்க, ஏற்கனவே உறைஞ்சிருக்கிறதும் இளகும், புதுசும் சீக்கிரம் உறையாது.

கறி மேல வெள்ளையா, சாம்பல் கலர்ல காஞ்ச திட்டு இருந்தா அது ஃப்ரீசர் பர்ன், காத்து பட்டு அந்த இடத்துல ஈரம் போயிடுச்சுன்னு அர்த்தம், சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா அட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்கும், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துடுங்க. சமைச்சப்புறம் எலும்பும் எலும்பு ஓரக் கறியும் கறுத்துப் போயிருந்தா அதுவும் பயப்பட வேண்டியது இல்ல, இளம் கோழில எலும்பு இன்னும் முழுசா கெட்டியாகியிருக்காது, உறைஞ்சு இளகும்போது மஜ்ஜையில இருக்கிற நிறம் வெளிய கசிஞ்சு வேகும்போது கறுத்துடும்.

ஐஸ் விடறது

மேடை மேல வச்சு விடறது வேண்டவே வேண்டாம். உள்ள இன்னும் கல்லு மாதிரி இருக்கும்போதே வெளிப்பக்கம் ரெண்டு மணி நேரமா வெதுவெதுன்னு இருக்கும், நாம நடுவைத் தொட்டுப் பார்த்து "இன்னும் விடல"ன்னு விட்டுட்டே இருப்போம். சுடுதண்ணியும் இதே தப்புதான், இன்னும் வேகமா பண்ற தப்பு.

நல்ல வழி முதல் நாளே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, ஒரு தட்டு மேல வைக்கிறது. ரெண்டு கிலோ முழுக் கோழிக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிக்கும், தட்டைப் பாக்கெட்டுன்னா ராத்திரி வச்சா காலையில ரெடி. இப்படி விட்டதை அதுக்கப்புறமும் 1ல இருந்து 2 நாள் ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், பிளான் மாறிடுச்சுன்னா சமைக்காமலே திரும்ப ஃப்ரீஸ் கூடப் பண்ணலாம், ருசி கொஞ்சம் குறையும், ஆபத்து இல்ல. "ஒரு தடவை இளகினதை மறுபடி உறைய வைக்கவே கூடாது"ன்னு சொல்றது ஃப்ரிட்ஜுக்குள்ளயே இளகினதுக்குப் பொருந்தாது.

அவசரம்னா பச்சைத் தண்ணி. கவர்ல தண்ணி போகாம நல்லா மூடி, குளிர்ந்த தண்ணில முக்கி வச்சு, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. அரைக் கிலோ பாக்கெட் ஏறக்குறைய 1 மணி நேரத்துல விட்டுடும், அதுவே தட்டையா உறைஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம். ரொம்ப அவசரம்னா மைக்ரோவேவ், ஆனா அதுல ஓரம் எல்லாம் வேகவே ஆரம்பிச்சிடும், அதனால எடுத்த உடனே அடுப்புக்குப் போயிடணும். இந்த ரெண்டு வழில விட்டதைச் சமைக்காம திரும்ப ஃப்ரீஸ் பண்ணாதீங்க.

ஐஸ் விடவே நேரம் இல்லையா, உறைஞ்சதையே நேரா கொதிக்கிற கிரேவியிலயோ ஓவன்லயோ போடலாம், வழக்கமா ஆகுற நேரத்தைப் போல ஒண்ணரை மடங்கு ஆகும், அவ்வளவுதான். ஸ்லோ குக்கர்ல மட்டும் உறைஞ்ச கறியைப் போடாதீங்க, அது சூடேறி முடியற வரைக்கும் கிருமிக்கு விருந்து. எப்படிச் சமைச்சாலும் நடுக்கறி 74 டிகிரி தொடணும், தெர்மாமீட்டரைத் தொடையோட தடிச்ச இடத்துல எலும்பு படாம குத்திப் பாருங்க. ரோஸ் கலர் போச்சா இல்லையாங்கிறதை மட்டும் நம்பாதீங்க, நல்லா வெந்த கறியும் சில சமயம் எலும்போரம் ரோஸாவே இருக்கும், வேகாத கறியும் சில சமயம் வெளுத்துத் தெரியும்.

வெந்த கறி: ஆற வைக்கிறதுதான் வேலையே

பச்சைக் கறிக்கு இவ்வளவு பயந்த பிறகு வெந்ததும் எல்லாரும் ரிலாக்ஸ் ஆகிடறோம். க்ளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ்னு ஒண்ணு இருக்கு, வாயில நுழையாத பேரு, இதோட வித்து கொதிக்கிற சூட்டுலயும் சாகாது. பெரிய பாத்திரத்துல நிறைய சமைச்சு அது மெதுவா ஆறும்போது, 40 டிகிரி 45 டிகிரி பக்கம் வந்ததும், முளைச்சுப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். விருந்து, ஹாஸ்டல், கேன்டீன்னு பெரிய பாத்திரம் இருக்கிற இடத்துல எல்லாம் கூட்டமா வயித்துப்போக்கு வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு தடவை நானே அளந்து பார்த்தேன். ஆழமான பாத்திரம் நிறைய கிரேவி, அடுப்பை அணைச்சுட்டு மூடி போட்டு அப்படியே விட்டேன். 3 மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பார்த்தா பாத்திரத்தோட வெளிப்பக்கம் ஆறின மாதிரி இருக்கு, நடுவுல குத்திப் பார்த்தா 47. அதுல இருந்து ஒரு பெரிய கரண்டி எடுத்து ரெண்டு விரல் உயரத்துக்கு அகலமான டப்பால ஊத்தி வச்சது அரை மணி நேரத்துல ஆறிடுச்சு. பாத்திரம் பெருசா இருந்தா சூடு வெளிய வர வழியே இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

அதனால சாப்பிட்டு முடிச்சதும், ஏன், சாப்பிடறதுக்கு முன்னாடியே கூட, மிச்சம் ஆகப்போறதை அகலமான டப்பாங்கள்ல 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல போகாம பிரிச்சு ஊத்துங்க. முழுசா ரோஸ்ட் பண்ண கோழின்னா கறியைப் பிச்சு எடுத்து வைங்க, முழுசா உள்ள தள்ளாதீங்க, வயித்துக்குள்ள ஏதாவது அடைச்சிருந்தா அதை வேற டப்பாக்கு மாத்திடுங்க. சீக்கிரம் ஆறணும்னா டப்பாவையே ஐஸ் தண்ணி ஊத்தின தாம்பாளத்துல வச்சுக் கிளறி விடுங்க.

"சூடா ஃப்ரிட்ஜ்ல வச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்"னு சொல்வாங்கல்ல, சின்ன டப்பால ஆவி அடங்கின சூடு ஒண்ணும் பண்ணாது, தாராளமா வைக்கலாம். கொதிக்கிற பெரிய பாத்திரத்தை அப்படியே தூக்கி உள்ள வைக்கிறதுதான் தப்பு, அது தானும் ஆறாது, பக்கத்துல இருக்கிற பாலையும் சூடாக்கும். முதல் கொஞ்ச நேரம் மூடியை லேசா சாய்ச்சு வச்சு, குளுந்தப்புறம் இறுக்கி மூடுங்க. வெந்ததுக்கு எப்பவும் மேல் தட்டு, பச்சைக்குக் கீழ்த்தட்டு.

ஃப்ரிட்ஜ்ல வெந்த கறி 3ல இருந்து 4 நாள். அதுக்கு மேல ஏன் வேணாம்னா, லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயும் மெதுவா வளரும். கர்ப்பமா இருக்கிறவங்க, 65 வயசு தாண்டினவங்க, 5 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க, கீமோ மாதிரி சிகிச்சையில எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க வீட்டுல இருந்தா நான் ரெண்டாவது நாளோட நிறுத்திக்குவேன், இது ரூல் இல்ல, என் மனசுக்கு. ஃப்ரீசர்லன்னா கிரேவியில மூழ்கினது 6 மாசம், ட்ரையா பொரிச்சது, ரோஸ்ட் பண்ணது 4 மாசம், சூப் 2ல இருந்து 3 மாசம் ருசியோட இருக்கும். கிரேவி கறியைக் காத்து படாம மூடிக்கிறதாலதான் அதுக்கு ஆயுசு கூட. திரவம் உறையும்போது விரியும், டப்பா வாய் வரைக்கும் ஊத்தாதீங்க, கண்ணாடின்னா வெடிச்சுடும்.

சூடு பண்றது

சாப்பிடப் போற அளவை மட்டும் தனியா எடுத்துச் சூடு பண்ணுங்க, மொத்தப் பாத்திரத்தையும் ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி வைக்காதீங்க. கிரேவின்னா தளதளன்னு கொதிக்கணும், ட்ரைன்னா நடுவுல 74 டிகிரி. மைக்ரோவேவ்ல வைக்கும்போது மூடி போட்டு, பாதில எடுத்துக் கிளறி, முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் அப்படியே விடுங்க, ஏன்னா அதுல ஒரு ஓரம் நாக்கைச் சுடும், இன்னொரு ஓரம் ஃப்ரிட்ஜ்ல இருந்த மாதிரியே இருக்கும்.

ராத்திரி முழுக்க வெளிய மறந்து விட்டுட்டோம், காலையில நல்லா கொதிக்க வச்சா சரியாப் போயிடும்ல? போகாது. நம்ம கைல, மூக்குல இருக்கிற ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி கறியில வளர்ந்தா ஒரு விஷத்தை விட்டுட்டுப் போகும், கொதிக்க வச்சா கிருமி சாகும், அந்த விஷம் அப்படியே இருக்கும், சாப்பிட்ட சில மணி நேரத்துலயே வாந்தி தொடங்கிடும். எவ்வளவு நல்ல கறியா இருந்தாலும் தூக்கிப் போடுங்க, எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்.

கரண்ட் போயிடுச்சுன்னா

கதவைத் திறக்காதீங்க, முக்கியமா "இன்னும் குளிரா இருக்கா"ன்னு பார்க்கத் திறக்காதீங்க. மூடியே இருந்தா ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம். கரண்ட் வந்தப்புறம் ஃப்ரீசர் பாக்கெட்டை அழுத்திப் பாருங்க, உள்ள இன்னும் ஐஸ் துணுக்கு நரநரன்னு இருந்தா இல்ல 4 டிகிரிக்குக் கீழ இருந்தா திரும்ப உறைய விடலாம். ஃப்ரிட்ஜ்ல இருந்த கறி 4 டிகிரிக்கு மேல 2 மணி நேரம் தாண்டி இருந்திருந்தா பச்சையோ வெந்ததோ குப்பைக்குத்தான்.

நீங்க ஊர்ல இல்லாதப்போ கரண்ட் போய் வந்திருந்தா எப்படித் தெரியும்? கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு கப் தண்ணியை ஃப்ரீசர்ல உறைய வச்சு, அது மேல ஒரு காசை வச்சுட்டுப் போங்க. திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலயே இருந்தா ஒண்ணும் இல்ல, பாதில புதைஞ்சிருந்தா கொஞ்சம் இளகியிருக்கு, அப்போ ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் பாருங்க, மூலை மழுங்கி ஒரே உருண்டையா மறுபடி உறைஞ்சிருக்கிறதும், கவருக்குள்ள சிவப்பா ஐஸ் தேங்கி நிக்கிறதும் இளகி உறைஞ்சது. காசு அடியில போய்க் கிடந்தா எதையும் பிரிச்சுப் பார்க்க வேண்டாம், கறி பாக்கெட் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பைக்கு அனுப்பிட்டு ஃப்ரீசரைத் துடைக்க ஆரம்பிச்சுடுங்க.